இரண்டு டிவிடி டிரைவும் ஒரே வாரத்தில் சாகாது

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் வீடு. 2009ல் அப்பா பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்த சிஸ்டம். அதில் மேலும் கீழுமாக இரண்டு டிவிடி ரைட்டர், இரண்டும் சாட்டா என்ற கேபிளில் மதர்போர்டுடன் இணைபவை. மேலே உள்ளது இரண்டு வருடமாக டிவிடியைப் படிக்கிறது, சிடியை மட்டும் படிப்பதில்லை. கீழே உள்ளது எல்லாவற்றையும் படிக்கும், ஆனால் டிரே வெளியே வர முகப்பில் ஒரு தட்டு தட்ட வேண்டும். போன மாதம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் 10ஐ அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றினீர்கள். கையோடு, பயன்படாமல் கிடந்த பழைய சிடி எழுதும் மென்பொருளையும் நீக்கினீர்கள். அன்றிலிருந்து இரண்டு டிரைவும் விண்டோஸில் தெரியவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு இரண்டும் போய்விட்டது, சிஸ்டமே பழசு, புதிதாக வாங்குங்கள் என்கிறார். கையில் அக்கா கல்யாண டிவிடி மூன்றும், தாத்தா பாடியதைப் பதிந்து வைத்த சிடி ஒன்றும் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது.

சிஸ்டத்தை மாற்றுவது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வீட்டில் இரண்டு மின்விசிறி ஒரே நேரத்தில் நின்றால் யாரும் மோட்டாரைக் கழற்றுவதில்லை, ஃபியூஸைத்தான் பார்ப்போம். இங்கேயும் அதேதான். உங்கள் இரண்டு டிரைவுக்கும் தனித்தனியாகக் கோளாறு இருப்பது உண்மை. மேலே உள்ளதற்கு லேசரில், கீழே உள்ளதற்கு பெல்ட்டில். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் காணாமல் போனதற்கு அவை காரணமாக இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அன்று மாறியிருக்கிறது. நீங்களே இரண்டு மாற்றத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்: எஸ்எஸ்டி போட்டது, மென்பொருளை நீக்கியது. முதலாவது என்றால் பிரச்சினை கரண்டிலோ கேபிளிலோ இருக்கும். இரண்டாவது என்றால் விண்டோஸுக்குள் இருக்கும். இதில் எது என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

சிஸ்டத்தை ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே டெலிட் அல்லது எஃப்2 பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டிருங்கள். பயாஸ் திரை வரும், விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரை அது. அதில் சாட்டா பட்டியலைத் தேடுங்கள். எஸ்எஸ்டியின் பெயருக்குக் கீழே டிரைவ்களின் பெயர் இருக்கிறதா? நீங்கள் வாங்கிய பிராண்டின் பெயர் அப்படியே இருக்காது. எல்ஜி டிரைவ் என்றால் ஹெச்எல்-டிடி-எஸ்டி என்று இருக்கும், அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து நடத்திய கம்பெனியின் சுருக்கம். சாம்சங் என்றால் டிஎஸ்எஸ்டிகார்ப் என்று வரும். அது தோஷிபாவும் சாம்சங்கும் கூட்டாக நடத்தியது. இந்தப் பெயரைப் பார்த்து, இது நம்முடையது இல்லையே என்று பலர் குழம்பிப் போயிருக்கிறார்கள்.

பயாஸில் இரண்டு பெயரும் தெரிந்தால் டிரைவுக்குக் கரண்ட் போகிறது, கேபிளும் பேசுகிறது, மதர்போர்டுக்கு அதை அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம். விண்டோஸ்தான் மறைக்கிறது. நீங்கள் சொல்லும் கதையைக் கேட்டால் எனக்கு இதுதான் அதிகம் சந்தேகம்.

காரணம் இது. பழைய சிடி எழுதும் மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் ஒரு வடிகட்டியைச் செருகி வைக்கும். டிரைவுக்குப் போகிற வருகிற எல்லாக் கட்டளையும் அதன் வழியாகப் போகும். மென்பொருளை நீக்கும்போது கோப்பு அழிந்துவிடும். ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்த வடிகட்டி வழியாகப் போ என்ற குறிப்பு மட்டும் அழியாமல் தங்கிவிடுவதுண்டு. விண்டோஸ் அந்தக் குறிப்பைப் படித்து, இல்லாத கோப்பைத் தேடி, கிடைக்காமல் டிரைவையே ஏற்ற மறுத்துவிடும். இந்தக் குறிப்பு டிரைவ் வகைக்கே பொதுவானது என்பதால் எத்தனை டிரைவ் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து மறையும். ஐடியூன்ஸ் போன்றவையும் இப்படி ஒரு வடிகட்டியைப் போடுவதுண்டு.

இணைத்திருக்கும் கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவ் பகுதியில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். அதை இரட்டை கிளிக் செய்தால் கோட் என்று ஒரு பிழை எண் காட்டும். 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்று வந்தால் நான் சொன்ன கதைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

சரி செய்வது எளிது, ஆனால் கை தவறக்கூடாத இடம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக உள்ளே போனால் நீளமான எண்களின் பெரிய பட்டியல் வரும். உங்களுக்கு வேண்டியது 4டி36இ965 என்று தொடங்குவது. பக்கத்திலேயே 4டி36இ967 இருக்கும், அது ஹார்ட் டிஸ்க்குகளுக்கானது. கொஞ்சம் தள்ளி 4டி36இ96பி இருக்கும், அது கீபோர்டுக்கானது. கீபோர்டு பகுதியில் உள்ள வடிகட்டியை அழித்தால் கீபோர்டே வேலை செய்யாது. ஹார்ட் டிஸ்க் பகுதியில் அழித்தால் விண்டோஸ் எழுந்து வராமல் போகலாம். ஆகவே வலது பக்கத்தில் கிளாஸ் என்பதற்கு நேரே சிடிராம் என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். அந்தப் பகுதியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளை மட்டும் அழியுங்கள். சில சமயம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் சரிதான். சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ்கள் திரும்பி வர வேண்டும்.

பயாஸிலேயே பெயர் தெரியவில்லை என்றால் விண்டோஸை மறந்துவிட்டு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான்.

எஸ்எஸ்டி போட்டவர் அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். 2009ம் வருட எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில், சாட்டா பவர் முனை இரண்டு மூன்றுதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க், இரண்டு டிவிடி, இப்போது எஸ்எஸ்டி என்றால் முனை போதாது. அப்போது பழைய நான்கு முள் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டரைப் போட்டிருப்பார்கள். மலிவான ஸ்ப்ளிட்டர்களில் கம்பிகளை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருப்பார்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி, நாளடைவில் உரசி, கருகுவதுண்டு. தீப்பிடித்ததும் உண்டு. அந்த முனையை வெளியே எடுத்து மூக்கருகே வையுங்கள். கருகிய வாசனையோ பழுப்புக் கறையோ இருந்தால் அதை உடனே தூக்கிப் போடுங்கள். கம்பியை முள்ளில் செருகி மேலே மூடி அழுத்திய வகை ஸ்ப்ளிட்டர்தான் நம்பகமானது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இரண்டு வகையும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ்ஸே. டிவிடி டிரைவுக்கு இரண்டு மின்னழுத்தம் தேவை. சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட், மற்ற மின்னணுவுக்கு 5 வோல்ட். பதினைந்து வருடம் சென்னை வெயிலிலும், கரண்ட் போய் வருவதிலும், இன்வெர்ட்டருக்கு மாறி மாறி ஓடியதிலும் எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். வேலை இல்லாதபோது 12 வோல்ட் சரியாகக் காட்டும். தகடு சுழல ஆரம்பித்ததும் கீழே இறங்கும், டிரைவ் மயங்கி விழுந்து எழும். வெளியில் இருந்து பார்த்தால், டிரே திறக்கிறது, தகடு சுழல்கிறது, பிறகு திடீரென்று டிரைவே காணவில்லை என்று தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் காலியாக இருக்கும் ஒரு நான்கு முள் முனையில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே அளந்து பாருங்கள், 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 4.75க்கும் 5.25க்கும் இடையில். முக்கியமாக, தகடு சுழலும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லையென்றால் ஒரு டிரைவின் பவரைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்தால் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதன் உள்ளே திறந்து பார்க்க வேண்டாம், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் அபாயகரமான மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

சாட்டா கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 காலத்துச் சிவப்புக் கேபிள்களில் பூட்டும் கிளிப் பெரும்பாலும் இருக்காது. எஸ்எஸ்டி போடும்போது கை பட்டாலே பாதி வெளியே வந்திருக்கும், பார்வைக்குச் செருகியது போலவே தெரியும். இரண்டு முனையையும் முழுதாகக் கழற்றி, மூன்று நான்கு முறை செருகி எடுத்துத் திரும்பப் போடுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், மூன்று வருடம் கூட ஆகாத சிஸ்டத்தில் கேபிள் முனைகள் பாசி பிடித்தது போல் பச்சையாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று மெல்லிய முலாமைத் தின்றுவிடும். செருகி எடுக்கும்போது அந்தப் படலம் உரசிப் போகும். அப்படியும் வரவில்லை என்றால் எஸ்எஸ்டி வேலை செய்துகொண்டிருக்கும் கேபிளை முதலில், போர்ட்டைப் பிறகு டிவிடி டிரைவுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும்.

சில மதர்போர்டுகளில் சாட்டா போர்ட்களில் ஒன்றிரண்டு வேறு நிறத்தில் இருக்கும். அவை தனி சிப்புடன் இணைந்தவை, அதற்குத் தனி டிரைவர் மென்பொருள் வேண்டும். எஸ்எஸ்டிக்கு இடம் கொடுப்பதற்காக டிவிடி கேபிளை அங்கே மாற்றியிருந்தால் அதையும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதுவரை சொன்னதில் ஏதோ ஒன்றில் இரண்டு டிரைவும் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறேன். இனி ஒவ்வொன்றின் தனிக் கோளாறு.

மேலே உள்ளது டிவிடியைப் படிக்கிறது, சிடியைப் படிப்பதில்லை. கேட்பவர்களுக்கு இது மாயம் போல் இருக்கும். ஆனால் டிவிடி டிரைவுக்குள் உண்மையில் இரண்டு லேசர்கள் இருக்கின்றன. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிவப்பு. ஒன்று தளர்ந்தாலும் மற்றது நன்றாகவே இருக்கும். ஆகவே உங்கள் மேல் டிரைவில் சிடி லேசர் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது லென்ஸில் தூசு படிந்து அந்தப் பக்கம் முதலில் தோற்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மதர்போர்டுடன் வந்த டிரைவர் சிடி வீட்டில் எங்காவது இருக்கும். அது தொழிற்சாலையில் அச்சடித்தது, வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். வீட்டில் எழுதிய சிடி வேறு, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ சிடி இன்னும் வேறு. ஆர்டபிள்யூ தகடு 15 முதல் 25 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பும், அச்சடித்தது 70 சதவீதம். வயதாகும் டிரைவ் முதலில் ஆர்டபிள்யூவில் தடுமாறும், பிறகு எழுதிய சிடியில், கடைசியில் அச்சடித்ததில். அச்சடித்த சிடியே படிக்கவில்லை என்றால் லேசர் முடிந்த கதை. அச்சடித்தது படித்து, எழுதியது மட்டும் படிக்கவில்லை என்றால் லென்ஸைத் துடைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

துடைப்பது எப்படி என்றால், டிரைவைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். முகப்பில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக அழுத்தினால் கரண்ட் இல்லாமலே டிரே வெளியே வரும். டிரேயின் முகப்புப் பட்டையைக் கழற்றி, முன் பக்க பிளாஸ்டிக்கின் கொக்கிகளை விடுவித்து, அடிப்பக்கம் உள்ள நான்கு ஸ்க்ரூவை எடுத்தால் மூடி வந்துவிடும். நடுவில் பட்டாணியில் பாதி அளவுக்கு லென்ஸ் தெரியும். அது மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது, அழுத்தினால் போய்விடும். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, இறகால் வருடுவது போல ஒரு முறை துடைத்து, உலர்ந்த நுனியால் இன்னொரு முறை துடைத்தால் போதும். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் எல்லோரிடமும் இந்த ஆல்கஹால் இருக்கும். தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ தொடவே கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக் என்பதால் வெள்ளையாகிப் போகும். மூடியைத் திறந்த நிலையில் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். எழுதும் டிரைவின் லேசர் கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு வலிமையானது, சிடிக்கானது கண்ணுக்கே தெரியாது என்பதால் இன்னும் ஆபத்து. உள்ளே ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருகினால் லேசர் பவர் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கூடும், சில நாளில் மொத்தமாகப் போகும்.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் சிடி கடைகளில் விற்கும். உலர்ந்த தூசுக்கு அது பயன்படும். நம் ஊரில் லென்ஸில் படிவது பெரும்பாலும் உலர்ந்த தூசு இல்லை. ஈரக்காற்றும் சமையலறை எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்த பிசுக்கு. பிரஷ் அதைத் தேய்த்துப் பரப்பும்.

கீழ் டிரைவின் டிரேக்கு பெல்ட்தான். உள்ளே சின்ன மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர் வளையம் டிரேயின் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. வெப்பத்தில் அது நீண்டு தளர்ந்து வழுக்குகிறது. தட்டினால் திறப்பதற்குக் காரணம் அதுதான். பெல்ட்டையும் அது ஓடும் இரண்டு சக்கரத்தையும் அதே ஆல்கஹாலில் துடைத்தாலே சில மாதங்களுக்கு ஓடும். புதிது வேண்டுமென்றால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவுக்கும் போங்கள். டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் உதிரி பாகம் விற்கும் சின்னக் கடைகளில் அளவு பார்த்துத் தருவார்கள். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை மாட்டாதீர்கள், நம் வெயிலில் இளகி சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவ் போனால் இன்னொன்று வாங்கலாம். தாத்தாவின் சிடியை யாராலும் திரும்பப் பதிய முடியாது. ஆகவே டிரைவ் சரியாக இயங்குகிறது என்று வேறு தகடுகளை வைத்து உறுதி செய்யும் வரை அந்த நான்கு தகட்டையும் உள்ளே போடாதீர்கள். பழுதான டிரைவ் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று, வேகத்தை ஏற்றி இறக்கி, தகட்டைச் சிரமப்படுத்தும். சிடியை 52 மடங்கு வேகத்தில் படிக்கும் டிரைவ் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை போகும். நடுத் துளையில் மயிரிழை விரிசல் இருந்தால் உள்ளேயே வெடித்துச் சிதறும். தகட்டை எடுத்ததும் நடுத் துளையைச் சுற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எழுத்துப் பக்கத்திலிருந்து ஊடுருவிப் பாருங்கள். சிடியில் தகவல் அடுக்கு எழுத்துப் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அதனால் மேல் பக்கக் கீறல்தான் சிடியைக் கொல்லும், அடிப்பக்கக் கீறலைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பிரதிபலிக்கும் பூச்சு போய்விட்டது. டிவிடி அப்படி இல்லை, 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள். கல்யாண டிவிடி மேல் பக்கம் கீறியிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் மாப்பிள்ளை பெண் படம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டித்தான் டிவிடி கொடுப்பார்கள். உங்களுடையதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஈரத்தில் அதன் ஓரம் எழும்பியிருந்தால் பிடித்து உரிக்கத் தோன்றும். உரிக்காதீர்கள். சிடியாக இருந்தால் பிரதிபலிக்கும் பூச்சும் சேர்ந்தே வந்துவிடும். ஓரத்தை மெல்ல அழுத்தி ஒட்டிவிட்டு, ஸ்டிக்கர் கனத்தால் தகடு அதிரும் என்பதால் குறைந்த வேகத்தில் படிக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023ல் மிக்ஜாம் புயலிலோ அலமாரிக்குள் தண்ணீர் வந்திருந்தால், அல்லது தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், கழுவலாம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில், விரல் நுனியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தகவல் ஓடும் பாதையிலேயே நீளமாக விழும், படிக்கும்போது வரும் பிழைகளை டிரைவ் திருத்தும் கணக்கு அதற்கு ஈடுகொடுக்காது. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் பகுதித் தண்ணீரின் உப்பு திட்டுத் திட்டாகப் படியும். கேன் தண்ணீரில் அலசி, ஃபேன் காற்றில், நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது. எழுதும் தகடுகளில் தகவல் ஒரு சாய அடுக்கில்தான் இருக்கிறது, வெயிலில் சாயம் வெளுக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய தகட்டைத் தண்ணீரில் முக்காமல் ஈரத் துணியால் அடிப்பக்கம் மட்டும் துடையுங்கள். ஏசி அறையில் இருந்த தகட்டை எடுத்து வந்து ஹாலில் உடனே போடவும் வேண்டாம், பனிபோல் ஈரம் படியும். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

நகல் எடுக்கும்போது விண்டோஸில் இழுத்துப் போடும் வழக்கம் நல்ல தகட்டுக்குச் சரி. முதல் பிழையிலேயே அது நின்றுவிடும். பலவீனமான தகட்டுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே சிஸ்டத்தைத் தொடங்கி, உங்கள் விண்டோஸைத் தொடாமலே இதைச் செய்யலாம். இது முதலில் சுலபமாகப் படிக்கும் இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கடினமான இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். பிளாக் அளவை 2048 என்று கொடுக்க வேண்டும், சிடி டிவிடித் தகவல் தகடுகளில் ஒரு செக்டார் அவ்வளவுதான்.

இங்கேதான் உங்களுக்கு இரண்டு டிரைவ் இருப்பது பெரிய உதவி. ஒவ்வொரு டிரைவும் ஒரே தகட்டில் வெவ்வேறு இடத்தில் தடுக்கும். கீழ் டிரைவில் முதல் சுற்று முடிந்ததும், அதே டிவிடியை மேல் டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்பைக் காட்டித் திரும்ப ஓட விடுங்கள். கீழே படிக்காமல் விட்ட இடங்களை மட்டும் மேலே உள்ளது முயலும். மூன்றாவதாக ஒரு நண்பரின் லேப்டாப் டிரைவ் கிடைத்தால் அதிலும் ஓட விடலாம். இரண்டு டிரைவிலும் தனித்தனியாக இறுதிவரை படிக்காத ஒரு காதுகுத்து டிவிடியை இப்படித்தான் முழுதாக மீட்டுக் கொடுத்தேன், இரண்டு இரவு ஆனது. உங்கள் மேல் டிரைவ் டிவிடியைப் படிக்கிறது என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தாத்தாவின் சிடிக்கு இந்த வழி பொருந்தாமல் போகலாம். அதைத் திறந்ததும் எம்பி3 கோப்புகள் தெரிந்தால் மேலே சொன்னதே போதும். டிராக் 1, டிராக் 2 என்று ஒவ்வொன்றும் 1 கேபி அளவில் சிடிஏ கோப்புகளாகத் தெரிந்தால் அது ஆடியோ சிடி. அந்தச் சின்னக் கோப்புகளில் பாட்டு இல்லை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. அவற்றைப் பென் டிரைவுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சிடியைத் தூக்கிப் போட்ட குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். ஆடியோ சிடிக்கு விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை படித்து ஒத்துப் போகிறதா என்று பார்க்கும், ஒத்துப் போகாவிட்டால் மேலும் முயலும். ஒலித் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். எம்பி3 பிறகு எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து செய்துகொள்ளலாம்.

நகல் எடுத்த பின் டிவிடி ஓடவில்லை என்று பதற வேண்டாம். விண்டோஸ் 8 முதல் டிவிடிப் படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டால் நேராக ஓடும். உள்ளே விஓபி என்று ஏறத்தாழ 1 ஜிபி அளவில் நான்கைந்து கோப்புகள் இருக்கும், அவைதான் கல்யாணம்.

இத்தனைக்குப் பிறகும் சிடி படிக்க ஒரு டிரைவும் தேறவில்லை என்றால் புது சிஸ்டம் வேண்டாம், யுஎஸ்பியில் மாட்டும் ஒல்லி டிவிடி ரைட்டர் ஒன்று போதும். அதைக் கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேராக மாட்டுங்கள். யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், தகடு சுழலத் தொடங்கும்போது இந்த டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். முன்பக்க போர்ட்டிலோ ஹப்பிலோ மாட்டிவிட்டு புது டிரைவும் போச்சு என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிளுடன் வந்தால் இரண்டையும் மாட்டுங்கள். ரிச்சி தெருவில் பழைய டிரைவ் வாங்குவதாக இருந்தால் அச்சடித்த சிடி ஒன்று, எழுதிய சிடி ஒன்று, டிவிடி ஒன்று என மூன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். தாத்தாவின் சிடியை அந்தச் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முதலில் பயாஸைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டு பெயரும் தெரிந்ததா, டிவைஸ் மேனேஜரில் வந்த பிழை எண் என்ன, எஸ்எஸ்டிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கிறார்களா என்று இந்த மூன்றையும் சொன்னால் போதும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் அந்தத் திரையை மொபைலில் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வரி என்று குறித்துக் கொடுக்கிறேன்.